சீசாவுக்குள் முளைத்த பெரணி: டாக்டர் வார்டின் கதை

போன பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதைப் பற்றி விவாதித்தோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். லிஃப்ட் பராமரிப்பும் இல்லை, தண்ணீர் மோட்டாரும் இல்லை. பால்கனியில் நம்மில் சிலர் வைத்திருக்கும் சின்னப் பசுமைக்குடில்கள்தான் பொருள். மேல்மாடியில் ஊற்றுகிற தண்ணீர் கீழ்மாடித் துணியில் சொட்டுகிறது என்பது ஒரு தரப்பு. ஐந்தடி இடத்தில் நாலு செடி வைக்கக்கூட உரிமை இல்லையா என்பது இன்னொரு தரப்பு. எல்லாவற்றையும் அகற்றிவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்து, முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

நான் இரண்டு தரப்பிலும் சேர்த்தி. இரண்டு வருடங்களுக்கு முன் நானும் ஒரு குடில் வாங்கினேன். மூன்று தட்டு, இரும்புக் கம்பி, மேலே நெகிழித்தாள் உறை, முன்னால் ஜிப். குற்றாலம் போன இடத்தில் ஒரு நர்சரியில் வாங்கிய பெரணிச் செடிகளை அதில் வைத்தேன். என் பால்கனி மேற்குப் பார்த்தது. காலையில் மலை அழகாகத் தெரியும், மதியத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வரும். ஏப்ரல் மாதம் ஒரு நாள் உறையை மூடிவிட்டு மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் வந்து ஜிப்பைத் திறந்தால், கீரை வேகும் வாசனை. செடி எல்லாம் வெந்திருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படிக்கப்போய்த்தான் இந்த மாதிரிக் குடிலுக்கு மூலகர்த்தாவான ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நதானியேல் பாக்‌ஷா வார்டு என்று பெயர். வார்டு என்றால் நமக்குக் கவுன்சிலரும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்தான் நினைவுக்கு வரும். தாவரவியல் படித்தவர்களுக்கோ வார்டு என்றால் கண்ணாடிப் பெட்டி. அடுத்த கூட்டத்துக்கு முன் அவர் கதையை எல்லோரும் ஒரு தடவை படித்துவிட்டால் நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

1791இல் லண்டனில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பதின்மூன்று வயதுவாக்கில் கப்பலில் ஜமைக்கா தீவுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது. இங்கிலாந்தின் குளிரிலேயே வளர்ந்த பையன் முதல்முதலாகப் பனைமரங்களையும், மரத்தண்டு கட்டி வளரும் பெரணிகளையும் கண்ணால் பார்த்தான். அந்த ஆசை கடைசிவரை விடவில்லை. ஆனால் வயிற்றுப் பிழைப்புக்கு அப்பா தொழில்தான். மருத்துவம் படித்து, லண்டனின் கிழக்குப் பகுதியில் வெல்குளோஸ் சதுக்கம் என்ற இடத்தில் வைத்தியம் பார்த்தார். துறைமுகத்தை ஒட்டிய இடம். ஏழைகளும் மாலுமிகளும் தொழிலாளர்களும் நெருங்கி வாழ்ந்த பகுதி. விடியற்காலையில் ஊருக்கு வெளியே போய்ச் செடி சேகரித்துவிட்டு, அதற்குப் பிறகு நோயாளிகளைப் பார்ப்பார். நம்மில் பலர் அலுவலகத்துக்கு முன் நடைப்பயிற்சி போனது மாதிரி.

வீட்டில் ஒரு செடி வளர்க்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்குப் பின்னால் பாறைகளை அடுக்கி, மேலே ஒரு குழாயில் துளை போட்டுத் தண்ணீர் கசியவிட்டு, பெரணியும் பாசியும் வளர்க்கப் பார்த்தார். ஒன்றும் பிழைக்கவில்லை. சுற்றிலும் ஆலைகள், வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. காற்றில் எந்நேரமும் கரியும் கந்தகப் புகையும். இலை மேல் கரி படிந்து செடி மூச்சுத் திணறிச் செத்தது. சலித்துப்போய் அந்த முயற்சியையே கைவிட்டார்.

1829இல் அவர் தேடியது செடியே அல்ல, ஒரு பூச்சி. அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை, அகன்ற வாய் உள்ள ஒரு கண்ணாடிச் சீசாவில் ஈரமண் போட்டு, அதற்குள் புதைத்து மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். தினமும் சீசாவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேறொன்று கண்ணில் பட்டது. பகல் சூட்டில் மண்ணின் ஈரம் ஆவியாக மேலே போகிறது. கண்ணாடியில் துளித்துளியாகப் படிகிறது. திரும்ப வழிந்து மண்ணுக்கே போகிறது. வெளியே போவது ஒரு சொட்டும் இல்லை. வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதிய எனக்கு இதைப் படித்ததும் ஒரே மகிழ்ச்சி. பற்றும் வரவும் தினமும் சரியாகப் போகிற ஒரு கணக்கு அது.

பூச்சி வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த மண்ணில் இரண்டு முளைகள் எழுந்தன. ஒன்று பெரணி, இன்னொன்று புல். வருடக்கணக்கில் பாறையும் குழாயும் வைத்துக் கெஞ்சியும் வராத பெரணி, யாரும் கேட்காமலே மூடிய சீசாவுக்குள் வந்து நிற்கிறது. இன்னொருவராக இருந்தால் பூச்சியை எடுத்துக்கொண்டு மண்ணைக் கொட்டியிருப்பார். வார்டு யோசித்தார். பெரணிக்கு வேண்டியது என்ன? ஈரக்காற்று, வெளிச்சம், மிதமான சூடு, புகை இல்லாமை. நான்கும் சீசாவுக்குள் இருக்கிறது. சீசாவைத் தன் படிப்பறை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். வடக்குப் பார்த்த ஜன்னல். இந்த வடக்கு என்ற சொல்லை நான் அப்போதே கவனித்திருந்தால் என் செடிகள் பிழைத்திருக்கும்.

ஏறக்குறைய நான்கு வருடம் அந்தச் செடிகள் தண்ணீர் ஊற்றாமலே வாழ்ந்தன. புல் ஒரு முறை பூத்தது. கடைசியில் வார்டு ஊரில் இல்லாத சமயம் சீசாவின் மூடி துருப்பிடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிச் செடி அழுகிப்போனது.

அதற்குப் பிறகு அவர் வீடே ஒரு சோதனைக்கூடமாகிவிட்டது. ஜன்னல் விளிம்பு, படிக்கட்டு, கொட்டகைக் கூரை, எங்கும் கண்ணாடிப் பெட்டிகள். நமக்கு மிகவும் பொருந்துவது, படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டடிக்கு எட்டடி அளவில் அவர் கட்டிய கண்ணாடி அறை. டின்டர்ன் என்ற பழைய மடாலயத்தின் ஜன்னலைப் பொம்மையாகச் செய்து உள்ளே நிறுத்தி, சுற்றிலும் பெரணிகளை வளர்த்தார். அதுவும் வடக்குப் பார்த்ததுதான். நம் பால்கனியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. அந்தக் காலத்தில் தோட்டக்கலையில் பெரிய பெயரான ஜான் லூடன் 1834இல் அதைப் பார்த்துவிட்டு வியந்து தன் பத்திரிகையில் எழுதினார்.

இவர் ஒரு விளையாட்டுத் தோட்டக்காரரோடு நின்றிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவருக்குத் துறைமுகத்தின் கஷ்டம் தெரியும். அந்நாளில் தூரதேசத்திலிருந்து உயிருள்ள செடியைக் கப்பலில் கொண்டுவருவது சூதாட்டம். மேல்தளத்தில் வைத்தால் உப்புத்தண்ணீர் தெளித்துக் கருகும். கீழ்த்தளத்தில் வைத்தால் வெளிச்சமில்லாமல் வெளுத்துச் சாகும். ஆறு மாதப் பயணத்தில் குடிதண்ணீர் அளவோடுதான் கிடைக்கும், மாலுமிக்கே போதாத தண்ணீரைச் செடிக்கு யார் ஊற்றுவார்கள்? சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் உயிரோடு சேருகிறது என்று மக்காவில் இருந்த லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819இல் கணக்குச் சொன்னார். இப்படி ஒரு வாராக்கடன் விகிதத்தை எந்த வங்கியும் தாங்காது.

1833 ஜூன் மாதம் வார்டு துணிந்து ஒரு காரியம் செய்தார். லண்டனில் ஹாக்னி பகுதியில் லாடிஜஸ் குடும்பத்தார் நடத்திய பெரிய நர்சரியின் உதவியோடு, மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்த இரண்டு பெட்டிகளில் பெரணி, பாசி, புல் வகைகளை நட்டு, மூடி, ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கப்பலேற்றினார். திறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெளிச்சம் படும்படி மேல்தளத்தில் வைத்தால் போதும். கப்பல் தலைவர் மல்லார்டு என்பவர், ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, பரிசோதனை வெற்றி என்று எழுதினார். சில செடிகள் தவிர எல்லாம் உயிரோடு இருந்தன.

திரும்புகிற பயணம் அதைவிடக் கடினமானது. 1834 பிப்ரவரியில் ஆஸ்திரேலியச் செடிகளை அதே பெட்டிகளில் நிரப்பினார்கள். தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தபோது கப்பல் தளத்தில் ஒரு அடி உயரத்துக்குப் பனி. நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது கொளுத்தும் வெயில். எட்டு மாதம் கழித்து லண்டனில் பெட்டியைத் திறந்தபோது, அதுவரை இங்கிலாந்தில் உயிரோடு யாரும் பார்த்திராத ஒரு பெரணி பச்சையாக நின்றது. போதாதற்கு, மண்ணில் விழுந்திருந்த விதை வேறு வழியில் முளைத்திருந்தது. முன்பெல்லாம் இருபதில் பத்தொன்பதை இழந்த லாடிஜஸ் நிறுவனம், இந்தப் பெட்டி வந்தபின் இருபதில் பத்தொன்பதைக் காப்பாற்றியது. இந்த இரண்டு எண்களையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால் அவர் சாதித்தது புரியும்.

விஞ்ஞானி ஃபாரடே 1838இல் இதைப் பற்றி லண்டன் ராயல் நிறுவனத்தில் உரையாற்றினார். 1842இல் வார்டு தன் அனுபவத்தை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். தனக்கு முன்பே கிளாஸ்கோவில் மக்கானக்கி என்பவர் இதே போலக் கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்த்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தபோது, அதை மறைக்கவில்லை. பெட்டிக்குக் காப்புரிமை வாங்கவும் இல்லை. உலகம் முழுக்க நர்சரிகளும் அரசாங்கங்களும் பயன்படுத்திய ஒரு பொருளுக்கு அவர் ஒரு காசு உரிமைத்தொகை வாங்கவில்லை. வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இது எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

அப்போது இங்கிலாந்தில் கண்ணாடிக்குக் கடுமையான வரி. அது 1845இல் நீக்கப்பட்டதும் கண்ணாடி விலை இறங்கியது. பெட்டி பணக்கார வீட்டு வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. பெரணி வளர்ப்பது ஒரு பைத்தியமாகவே பரவி, சில காட்டுப் பெரணிகள் வேரோடு பிடுங்கப்பட்டு அருகிப்போகும் அளவுக்குப் போனது. வார்டு நினைத்தது இதுவல்ல. தன்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஏழைகள், வெயிலும் பச்சையும் காணாத ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தவர்கள், அவர்கள் ஜன்னலில் ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. புத்தகத்தில் அதற்கென்று தனிப் பகுதியே எழுதினார். அது பெரிய அளவில் நடக்கவில்லை. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் பதினெட்டு வருடம் தண்ணீர் ஊற்றாத செடிச் சீசாவை அவர் காட்சிக்கு வைத்தார். கூட்டம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

பெட்டியால் நம் பக்கத்துக்கு என்ன வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சீனத்துத் தேயிலை நாற்றுகளை ராபர்ட் ஃபார்ச்சூன் இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டியில்தான். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 ரப்பர் கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் கொழும்புக்கு வந்தன. நம் கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் வரைக்கும் அந்த வழிதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது சின்கோனா. மலையடிவார ஊர்க்காரர்களுக்கு மலைக்காய்ச்சல் என்றால் என்ன என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தெரியும். அதற்கு ஒரே மருந்து கொயினா. தபால் ஆபீசிலேயே பொட்டலமாக விற்ற காலம் உண்டு. அந்தக் கொயினா சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. மரமோ தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தம்.

1860இல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் என்ற அதிகாரி பெரு நாட்டில் சின்கோனா கன்றுகளைச் சேகரித்து வார்டு பெட்டிகளில் அடைத்தார். பெட்டிகள் பனாமா, இங்கிலாந்து, எகிப்து என்று உலகத்தைப் பாதி சுற்றி, செங்கடல் வழியாகப் பம்பாய்க்கும், அங்கிருந்து கோழிக்கோடு வழியாக ஊட்டிக்கும் வந்தன. செங்கடல் வெயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் பால்கனியில் நடந்ததுதான். ஊட்டிக்கு வந்து சேர்ந்ததில் மிஞ்சியவையும் பிழைக்கவில்லை. வார்டு பெட்டி தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்தும் உப்பிலிருந்தும் காப்பாற்றும். நேர்வெயிலிலிருந்து காப்பாற்றாது. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், உள்ளே சூடானதை எளிதில் வெளியே விடாது. லண்டனின் மங்கல் வெயிலில் வரமாக இருந்த இந்தக் குணம் செங்கடலில் எமனானது.

விட்டுவிடவில்லை. ஈக்வடாரில் ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் திரட்டிய சிவப்புப் பட்டைச் சின்கோனா கன்றுகளோடு ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கூடவே கப்பலில் வந்தார். 1861 ஏப்ரலில் நானூறுக்கு மேற்பட்ட கன்றுகள் உயிரோடு நீலகிரி சேர்ந்தன. பெட்டி அதே பெட்டிதான். பக்கத்தில் ஆள் இருந்து கவனித்தார் என்பதைப் பெரிய வித்தியாசமாக நான் நினைக்கிறேன். ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர் அவற்றை ஒட்டும் பதியனுமாகப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டம் போனவர்கள் பழைய சின்கோனாத் தோட்டத்தின் மிச்சத்தைப் பார்த்திருக்கலாம். நம் ஜில்லாக்களில் காய்ச்சலில் கிடந்து எழுந்த எத்தனையோ பேருக்கு, பெயர் தெரியாத ஒரு லண்டன் வைத்தியரின் சீசாவும் ஒரு காரணம்.

நம் தீர்மானத்துக்கு வருகிறேன். சொட்டுகிற தண்ணீருக்குக் குற்றவாளி குடில் அல்ல, திறந்த தொட்டியும் தட்டு வைக்காத சோம்பேறித்தனமும்தான். மூடிய பெட்டியில் சொட்டுவதற்கே தண்ணீர் இல்லை என்பதை வார்டு 1829லேயே பார்த்துவிட்டார். ஆகையால் எல்லாவற்றையும் அகற்றுவதற்கு நான் எதிராகத்தான் கை தூக்குவேன். ஆனால் கீழ்மாடிக்காரர்கள் சொல்வதும் நியாயம். தொட்டிக்குக் கீழே ஆழமான தட்டு கட்டாயம் என்று எழுதிவிடலாம். மேற்கும் தெற்கும் பார்த்த பால்கனிக்காரர்கள், மார்ச் முதல் நெகிழித்தாள் உறையைக் கழற்றிவிட்டு நிழல்வலை மட்டும் கட்டுங்கள். உறையைப் போட்டே ஆக வேண்டுமென்றால் மேலும் கீழும் காற்று போக வழி விடுங்கள். நான் ஒரு வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே 38 டிகிரி இருந்த மதியம், மூடிய குடிலுக்குள் 51. கத்தரி, தக்காளி, கற்றாழைக்கு நம் ஊரில் மூடிய குடிலே தேவையில்லை. மூடி வைக்க வேண்டியது பெரணி, பாசி போன்ற ஈரம் கேட்கும் செடிகளைத்தான், அதுவும் வடக்குப் பக்கமோ, அறைக்குள் நேர்வெயில் படாத ஜன்னல் ஓரமோ.

வார்டின் கடைசிக் காலத்தைச் சொல்லவில்லை. பிற்பாடு லண்டனின் கிளாப்பம் பகுதிக்குக் குடிபோனார். அங்கே அவர் தோட்டத்தில் இருபத்தைந்தாயிரம் செடி வகைகள் இருந்ததாகச் சொல்வார்கள். 1852இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1854இல் மருந்தாளர் சங்கத்தின் தலைவர் பொறுப்பும் வந்தது. மருத்துவ மாணவர்களுக்கு மூலிகை கற்பிக்கும் செல்சி மருந்துத் தோட்டத்தைக் காப்பாற்றுவதில் கடைசிவரை அக்கறையாக இருந்தார். தென்னாப்பிரிக்காவில் தண்ணீருக்குள் வளரும் ஒரு பாசிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1868 ஜூன் 4ஆம் தேதி கடற்கரை ஊரான செயின்ட் லெனார்ட்ஸில் இறந்தார். நார்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அவர் இறந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல், 1962 வரை, கியூ தோட்டத்துக்கு இந்தப் பெட்டிகளில் செடி வந்துகொண்டிருந்தது. விமானமும் பாலித்தீன் பையும் வந்த பிறகுதான் ஓய்வு.

நான் இப்போது பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றில், அடியில் கூழாங்கல்லும் அடுப்புக்கரித் துண்டும் போட்டு, மேலே மண் இட்டு, கிணற்றடியில் கிடைத்த பாசியும் ஒரு சின்னப் பெரணியும் வைத்திருக்கிறேன். பூஜையறை ஜன்னலில் இருக்கிறது. மூடி பதினான்கு மாதம் முன்பு ஒரு தடவை துடைப்பதற்காகத் திறந்தது, அதன்பின் தண்ணீர் ஊற்றவில்லை. காலையில் கண்ணாடி ஓரம் பனித்திருக்கும், பத்து மணிக்குள் தெளிந்துவிடும். கூட்டத்துக்கு முன் பார்க்க விரும்புகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். ஜாடி கேட்டால் இரண்டு மிச்சம் இருக்கிறது, கரி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.